கட்டக்கோரை வளர்கிற கடலில் கெல்ப் ஏன் வளர்வதில்லை?

மண்டபம் மாணவி:
கடல் உயிரியல் படிக்கிறேன், கலிபோர்னியா கெல்ப் காடுகள் பற்றி செமினார் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் பழுப்புப் பாசி, நம் கட்டக்கோரையும் பழுப்புப் பாசி. இரண்டுமே பாறையைப் பிடித்துக்கொண்டு, காற்றுப்பைகளின் தயவில் தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்கின்றன. அங்கே 30 மீட்டர் உயரத்துக்குக் காடாகிறது, இங்கே ஏன் இல்லை? ஆழம் போதாதா, வெயிலா?

பாம்பன் கரை:
முதல் காரணம் சூடு. ராட்சத கெல்ப்புக்கு நீர் 20 டிகிரியைத் தாண்டி நீடித்தாலே கஷ்டம். நமக்கு ஏப்ரல், மே மாதங்களில் 30ஐத் தாண்டுகிறது, 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவில் பவளமே வெளுத்தது. அப்புறம் சாப்பாடு. கெல்ப்புக்கு வேர் கிடையாது, அடியில் இருப்பது வெறும் பிடிமானம். நைட்ரேட்டை உடம்பு முழுக்க நீரிலிருந்தே உறிஞ்சும். குளிர்ந்த அடிநீர் மேலே வரும் இடத்தில்தான் அது தாராளமாகக் கிடைக்கும், கிடைத்தால் ஒரே நாளில் அரை மீட்டர்கூட வளரும்.

கீழக்கரைக்காரன்:
தங்கச்சி, சூடான நாட்டில் கெல்ப் வராது என்று மட்டும் எழுதிவிடாதே. நான் சலாலாவில் இருந்தவன். ஓமானின் தோஃபார் கரையில், மிர்பாத் பக்கம், எக்லோனியா என்ற கெல்ப் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று கரையோர மேல்நீரை வெளியே தள்ள, அடியிலிருந்து குளிர்நீர் ஏறி வருகிறது, அந்த மாதங்களில்தான் அதற்குக் கொண்டாட்டம். நம் பக்கம் அதே காற்று வீசினாலும் அந்த அளவுக்குக் குளிர்நீர் ஏறுவதில்லை, பாக் நீரிணைப் பக்கம் ஏறி வர அடியில் ஆழமே கிடையாது.

மண்டபம் மாணவி:
ஓமான் கதை தெரியவே தெரியாது, நன்றி அண்ணே. வட கலிபோர்னியாவில் காடு அழிந்ததும் சூட்டால்தானா?

பாம்பன் கரை:
பாதிதான். 2013இல் நட்சத்திர மீன்களுக்கு நோய் வந்து, கடல் முள்ளெலியைத் தின்னும் சூரியகாந்தி நட்சத்திர மீன் ஏறக்குறைய காணாமலே போனது. 2014 முதல் 2016 வரை கடல் வெப்ப அலை. இளைத்த கெல்ப்பை ஊதா முள்ளெலிகள் மேய்ந்து தள்ளின, 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. பிடிமானத்தைக் கடித்துவிட்டால் மேலே இருக்கிற அத்தனையும் மிதந்து போய்விடும். இதில் எரிச்சலான விஷயம், தின்ன ஒன்றும் இல்லாவிட்டாலும் முள்ளெலி வருஷக்கணக்கில் சாகாமல் கிடக்கும், உள்ளே மனிதர் சாப்பிடும் முட்டை இல்லாததால் வாங்கவும் ஆள் வராது, அதனால் காடும் லேசில் திரும்பி வருவதில்லை. செமினாரில் முள்ளெலியைத் தின்னும் கடல் நீர்நாயையும் சேர்த்துக்கொள், அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் அது இருக்கிற இடத்தில் கெல்ப், இல்லாத இடத்தில் முள்ளெலி என்று 1974இலேயே எஸ்டெஸ், பால்மிசானோ என்ற ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

இன்னொன்று, கட்டக்கோரையை 'நம்ம ஊர் கெல்ப்' என்று சொல்லாதே, வகைப்பாட்டில் அது வேறு வரிசை, வாத்தியார் பிடித்துக்கொள்வார்.

கீழக்கரைக்காரன்:
கட்டக்கோரை படம் வேண்டுமென்றால் நீர் வற்றும் நேரத்தில் கரையோரப் பாறையிலேயே எடுத்துக்கொள். தீவுப் பக்கம் போகாதே, தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது.