கொழுப்பு செல்லில் எச்எஸ்எல் ஆன்டிபாடி: வளையம் தெரியவில்லை, துளி முழுக்கப் பச்சை

கேள்வி: 3டி3-எல்1 என்ற சுண்டெலி செல்களைக் கொழுப்பு செல்லாக மாற்றி, கொழுப்பை உடைக்கும் எச்எஸ்எல் என்சைமை அலெக்சா ஃப்ளூர் 488 என்ற பச்சை ஒளிர்சாயம் ஒட்டிய ஆன்டிபாடியால் பார்க்கிறேன். கொழுப்புத் துளிக்குப் போடிபி 493/503 என்ற சாயம். கொழுப்பு உடைவதைத் தூண்டும் ஐசோபுரோட்டெரினால் மருந்தைக் கொடுத்தால் என்சைம் துளியைச் சுற்றி வளையமாகச் சேர வேண்டும், எனக்குத் துளி முழுக்கப் பச்சையாக இருக்கிறது, மருந்து கொடுக்காத செல்லிலும் அப்படியே. என்ன செய்யலாம்?

பதில் 1: இரண்டுமே பச்சை, ஒரே சேனலில்தான் விழும். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் போடிபியைத்தான். ஆன்டிபாடியின் சாயத்தைச் சிவப்பில் ஒளிரும் அலெக்சா ஃப்ளூர் 647-க்கு மாற்றுங்கள்.

பதில் 2: நிறம் மாற்றினால் மட்டும் போதாது. ஆன்டிபாடி உள்ளே போகச் செல் சவ்வில் துளையிட எதைப் போடுகிறீர்கள்? டிரைட்டன் எக்ஸ்-100 என்றால் துளியின் மேலிருக்கும் புரதத்தையே கழுவிக்கொண்டு போய்விடும். சப்போனின் மென்மையானது, ஆனால் அதை எடுத்துவிட்டால் துளை மூடிக்கொள்ளும், அதனால் ஆன்டிபாடி கரைசலிலும் கழுவும் கரைசலிலும் விடாமல் கலந்திருக்க வேண்டும். மெத்தனாலில் நிலைப்படுத்த வேண்டாம், கொழுப்பு கரைந்துவிடும். 4% பாராஃபார்மால்டிஹைடு போதும்.

கேட்டவர்: டிரைட்டன்தான். சரி, இரண்டையும் மாற்றுகிறேன்.

பதில் 3: கூடவே போடிபி இல்லாமல் ஆன்டிபாடி மட்டும் போட்ட கிணறு (தட்டின் குழி) ஒன்று, ஐசோடைப் கன்ட்ரோல் (எச்எஸ்எல்லைப் பிடிக்காத, அதே வகை ஆன்டிபாடி) ஒன்று வையுங்கள். முடிந்தால் மரபணுவை அடக்கும் எஸ்ஐஆர்என்ஏ கொடுத்து எச்எஸ்எல்லைக் குறைத்துப் பாருங்கள், ஒளி மங்கவில்லை என்றால் அந்த ஆன்டிபாடியை நம்பாதீர்கள்.