ஹிட்லரும் ஒரு புறாவும்

பரணிதரன்:
“ஹிட்லர் சைவம் என்பது அவருடைய பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் கட்டிவிட்ட கதை” என்று மேலே மணிமாறன் எழுதியிருக்கிறார். எத்தனை முறைதான் இதையே படிப்பது? மாஸ்கோவில் இருக்கும் ஹிட்லரின் பற்களை 2017இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். படிந்திருந்த காரையில் இறைச்சி நார் எதுவும் இல்லை. அப்புறம் என்ன கதை?

மணிமாறன்:
கடைசிக் காலத்தில் என்ன சாப்பிட்டார் என்பதைத்தான் பல் சொல்லும். ஹாம்பர்க் விடுதியில் சமைத்த டியோன் லூகாஸ், அவருக்குப் புறாக்கறி மிகப் பிடிக்கும் என்று 1964இல் எழுதினாரே! புறா என்ன கிழங்கா?

பரணிதரன்:
போருக்கு முந்தைய புறா அது! போர்க்காலத்தில் அவனுடைய சாப்பாட்டை ருசிபார்த்த மார்கோட் வோல்க், இறைச்சியே கிடையாது, காய்கறிதான் என்று தன் 95ஆம் வயதில் சொன்னார். கூடவே இருந்தவரை நம்பாமல் புறாவைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

கயல்விழி:
மணிமாறன், ஹிட்லருக்கு எதற்கு ‘அவர்’?

மணிமாறன்:
எல்லாரையும் அப்படித்தான் எழுதுவேன். தமிழ் வகுப்பு வேண்டாம். 1937இல் நியூயார்க் டைம்ஸ்கூட, அவ்வப்போது பன்றி இறைச்சி ஒரு துண்டு சாப்பிடுவார் என்றது. புறாவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

கயல்விழி:
புறாவை விடுங்கள். 1933 நவம்பரில் விலங்குகளைக் காக்கச் சட்டம் போட்ட அதே ஆட்சி, 1942இல் யூதர்கள் நாய், பூனை வளர்க்கக் கூடாது என்றது. டிரெஸ்டனில் விக்டர் கிளெம்பரர் என்ற யூத வம்சாவளிப் பேராசிரியரின் வீட்டார் தங்கள் பூனையை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சாகடிக்க வேண்டிவந்தது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. தட்டில் என்ன இருந்தது என்பதா முக்கியம்?

பரணிதரன்:
முக்கியம்தான். ஸ்டாலினின் நள்ளிரவு விருந்துகளைப் பேசியபோதும் நீங்கள் இப்படித்தான் வேறு பக்கம் இழுத்தீர்கள், நான் மறக்கவில்லை. 1945 ஏப்ரலில் சயனைடு குப்பியைச் சோதிக்கத் தன் நாய் பிளாண்டிக்கே கொடுக்கச் சொன்னவன் அவன். கருணையால் சைவம் என்று நான் எங்கே சொன்னேன்? சாப்பிடவில்லை என்றேன், அவ்வளவுதான். பல்லில் நார் இல்லை.

மணிமாறன்:
1937இல் அந்தப் பல்லை யார் பார்த்தார்கள்?

பரணிதரன்:
சரி, லூகாஸ் பரிமாறியதை நீங்கள் பார்த்தீர்களா? நாளை அந்த ஆய்வையே வரிவரியாக இங்கே போடுகிறேன். ஓடிவிடாதீர்கள்.