பென்ஹோல்ட் பிடியுடன் முன்வரிசைக்கு வந்த ஃபெலிக்ஸ் லெப்ரன்: பிடிதான் காரணமா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மேசைப்பந்து ஆடவர் ஒற்றையரில் வெண்கலம் வென்ற பிரான்ஸ் வீரர் ஃபெலிக்ஸ் லெப்ரனின் ஆட்டத்தைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். 2006 செப்டம்பரில் பிறந்த அவருக்கு அப்போது 17 வயதுதான். மட்டையைப் பேனாவைப் போலப் பிடிக்கும் பென்ஹோல்ட் முறையைச் சீனாவிலேயே இளம் வீரர்கள் பெரும்பாலும் கைவிட்டுவிட்ட காலத்தில், ஐரோப்பாவில் வளர்ந்த ஒரு சிறுவனுக்கு அது எப்படி வாய்த்தது? எதிராளிகளுக்கு அந்தப் பிடி பழக்கமில்லை என்பதுதான் அவருடைய வெற்றியின் காரணமா, அல்லது அதற்கு உண்மையான தொழில்நுட்ப பலம் இருக்கிறதா? அறிந்தவர்கள் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் பதில்:

பிடி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். ஃபெலிக்ஸின் ஊர் மோன்பெலியே. அங்குள்ள கிளப்பில் சென் ஜியான் என்ற சீன வீரர் பென்ஹோல்ட் பிடியுடன் ஆடிவந்தார். மிகச் சிறு வயதில் அவரைப் பார்த்து அதேபோல் மட்டையைப் பிடிக்கத் தொடங்கியவர்தான் ஃபெலிக்ஸ். அவருடைய குடும்பத்தையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். தந்தை ஸ்டெஃபான் லெப்ரன் முன்னாள் வீரர். தாய்மாமன் கிறிஸ்டோஃப் லெகூ பிரான்சுக்காக ஒலிம்பிக்கில் ஆடியவர். 1997 மான்செஸ்டர் உலகப் போட்டியில் வெள்ளி வென்ற பிரெஞ்சு அணியிலும் இருந்தவர். அதன் பிறகு பிரான்ஸ் ஆடவர் அணி உலக இறுதிப்போட்டியை எட்டியது 2024இல் தென்கொரியாவின் பூசானில்தான். அந்த அணியில் ஃபெலிக்ஸும் அவருடைய அண்ணன் அலெக்சிஸும் ஆடினார்கள். ஆட்டத்தின் நுணுக்கம் தெரிந்த பெரியவர்கள் வீட்டிலேயே இருந்தும், "இந்தப் பிடிக்கு எதிர்காலம் இல்லை" என்று சொல்லி யாரும் குழந்தையின் கையைத் திருத்தவில்லை என்பதை நான் மிகப் பெரிய விஷயமாகக் கருதுகிறேன்.

இரண்டாம் பதில்:

தங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். பழைய பென்ஹோல்ட் ஆட்டத்தில் மட்டையின் ஒரு பக்கத்தால் மட்டுமே அடிப்பார்கள். பேக்ஹேண்ட் பக்கம், அதாவது மட்டை பிடிக்காத கையின் பக்கம், வரும் பந்தை மட்டையின் அதே பக்கத்தால் தள்ளித் தடுக்கலாம். தாக்க வேண்டுமானால் கால்களால் ஓடிச் சுற்றிவந்து, மட்டை பிடித்த கையின் பக்கத்து அடியான ஃபோர்ஹேண்டால்தான் அடிக்க வேண்டும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கொரிய வீரர் ரியூ சுங்-மின் அந்த வழியின் உச்சம். அதற்கு மாறாக, மட்டையின் பின்பக்கத்திலும் ரப்பர் ஒட்டி மணிக்கட்டைத் திருப்பிப் பேக்ஹேண்ட் அடிக்கும் முறையை 1990களில் சீன வீரர் லியூ குவோலியாங் பயன்படுத்தினார். 2009 உலகச் சாம்பியனான வாங் ஹாவ் அதையே தம் ஆட்டத்தின் முதன்மை ஆயுதமாக வளர்த்தெடுத்தார். ஃபெலிக்ஸ் ஆடுவது இந்த இரண்டாம் வழி. ஆகவே அவரைப் பழைமையை மீட்டவர் என்று சொல்வதைவிட, வாங் ஹாவின் வழியை இன்றைய வேகத்துக்கு ஏற்றவாறு கொண்டுவந்தவர் என்று சொல்வதே பொருந்தும்.

இந்தப் பிடியில் மணிக்கட்டு தாராளமாகச் சுழல்வதால் சர்வில் பக்கச் சுழலைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. மேசைக்குள் விழும் குட்டைப் பந்தையும் திடீரெனத் தாக்கிவிட முடிகிறது. குறையும் உண்டு. பேக்ஹேண்ட் பக்கம் வெகுதூரம் விலகிச் செல்லும் பந்துக்குக் கை எட்டும் தூரம் குறைவு. மேசையை விட்டுப் பின்வாங்கினால் அந்தக் குறை இன்னும் பெரிதாகும். செல்லுலாய்டு பந்துக்குப் பதிலாக 2014இல் பிளாஸ்டிக் பந்து வந்தபின் சுழல் சற்றுக் குறைந்து, பேக்ஹேண்டுக்குப் பேக்ஹேண்ட் என்று வேகமாக மோதும் ஆட்டம் பெருகியதும் இந்தப் பிடிக்குப் பாதகமாகவே அமைந்தது. ஃபெலிக்ஸ் மேசையை ஒட்டியே நின்று, பந்து எழும்பும்போதே அடிப்பதன் காரணம் இதுதான்.

மூன்றாம் பதில்:

பழக்கமின்மைதான் காரணம் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. 2023இல் 16 வயதில் கிராகோவ் ஐரோப்பிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றது முதல் முன்னணி வீரர்கள் அனைவரும் அவருடைய ஆட்டத்தைக் காணொளியில் அலசியிருப்பார்கள். அதன் பின்னரும் பாரிஸில் ஜெர்மனியின் ஓவ்ச்சரோவை 4-3 என்றும் தைவானின் லின் யுன்-ஜூவை 4-3 என்றும் வென்றார். ஏழாவது செட் வரை நீண்ட ஆட்டங்களைப் புதுமையை மட்டும் நம்பி வெல்ல முடியாது. ஆறு செட்டுகளுக்குள் எதிராளி அந்தப் பிடிக்குப் பழகிவிடுவார். அரையிறுதியில் சீனாவின் ஃபான் ஷெண்டாங்கிடம் 0-4 என்று முழுமையாகத் தோற்றார் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்தத் தோல்விக்குப் பிறகு, அண்ணன் அலெக்சிஸை முன்னதாக வெளியேற்றிய பிரேசில் வீரர் ஹூகோ கால்டெரானோவை 4-0 என்று வென்று வெண்கலம் பெற்றதுதான் என் மனத்தில் நிற்கிறது. சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால், 1992 பார்சிலோனாவில் ழான்-ஃபிலிப் கசியேன் வென்ற வெள்ளிக்குப் பிறகு பிரான்சுக்கு ஒற்றையரில் கிடைத்த முதல் பதக்கம் அது. சில நாட்களில் அணிப் போட்டியிலும் பிரான்ஸ் வீரர்கள் ஜப்பானை வென்று மற்றொரு வெண்கலம் பெற்றார்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி: அண்ணன் அலெக்சிஸ், கை குலுக்குவதைப் போல மட்டையைப் பிடிக்கும் ஷேக்ஹேண்ட் பிடியில் ஆடுபவர். அது தம்பிக்கு உதவியிருக்குமா?

இரண்டாம் பதிலளித்தவர்:

நிச்சயமாக உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன். உலகின் முன்னணி வீரர்களில் மிகப் பெரும்பாலோர் ஷேக்ஹேண்ட் பிடியினர். அத்தகைய ஒருவர், அதுவும் மூன்று வயது மூத்தவர், பயிற்சிக் கூடத்தில் எப்போதும் எதிரே நிற்கிறார். இரட்டையரில் அந்த இணக்கம் வெளிப்படையாகவே தெரிகிறது. 2024 லின்ஸ் ஐரோப்பியப் போட்டியில் சகோதரர்கள் இரட்டையர் தங்கத்தை வென்றார்கள். ஒற்றையர் தங்கத்தை அலெக்சிஸ் வென்றார். அந்த ஆட்டங்களைப் பார்க்கும்போது சர்வைத் திருப்பும் முதல் அடியில் ஃபெலிக்ஸின் மணிக்கட்டைக் கவனியுங்கள்; அலெக்சிஸ் தம் வலுவான ஃபோர்ஹேண்டை அடிக்க இடம் உருவாவது பெரும்பாலும் அங்கேதான்.