பில்லுக்குள் விலையை அனுப்புவதா, விலை ஆப்ஜெக்டையே அனுப்புவதா?

கேள்வி:
வணக்கம்ணே. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கடை ஒன்றுக்கு ஜாவாவில் பில்லிங் எழுதுகிறேன். காலையில் மல்லிகை கிலோ 600 ரூபாய்க்குப் போட்ட பில், மத்தியானம் விலையை 450 ஆக்கியதும் தானாகவே 450 காட்டுகிறது. பில் கன்ஸ்ட்ரக்டருக்கு (பில் ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதி) விலை ஆப்ஜெக்டைத்தான் அனுப்புகிறேன். எங்கே தப்பு?

பதில் 1:
தம்பி, பில்லிடம் இருப்பது விலை இல்லை, விலை ஆப்ஜெக்டின் ரெஃபரன்ஸ், அதாவது அது இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டி. எல்லாப் பில்லும் அந்த ஒரே ஆப்ஜெக்டைப் பார்க்கின்றன. ஒருவர் செட்டரில் (மதிப்பை மாற்றும் மெத்தட்) மாற்றினால் அத்தனையும் மாறத்தான் செய்யும். பில் போடும் நேரத்து விலையை பிக்டெசிமல் (தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் வகை) மதிப்பாக அனுப்பி, ஃபைனல் ஃபீல்டில் (ஒருமுறை வைத்தால் வேறு மதிப்பு வைக்க முடியாத இடம்) வையுங்கள். பிக்டெசிமல் மாறாத வகை, அதனால் பயமில்லை. டபுள் வேண்டாம், அது தசமத்தைத் தோராயமாகத்தான் வைக்கும், பைசா உதைக்கும். வாடிக்கையாளர் விஷயம் வேறு: அவர் பாக்கி எப்போதும் இன்றைய நிலவரமாக இருக்க வேண்டும், அங்கே ரெஃபரன்ஸ்தான் சரி.

பதில் 2:
ஒரு திருத்தம் அல்ல, சேர்க்கை. ஜாவா எப்போதும் மதிப்பைத்தான் நகலெடுத்து அனுப்பும். ஆப்ஜெக்ட் என்றால் நகலாவது ரெஃபரன்ஸ். அதனால் மெத்தடுக்குள் பாராமீட்டருக்குப் புது ஆப்ஜெக்ட் வைத்தால் அழைத்தவருக்கு எதுவும் தெரியாது. செட்டரைக் கூப்பிட்டால் தெரியும்.

பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் வரும் வரிகளின் (லைன், டாக்ஸ் அல்ல) லிஸ்டையும் கவனியுங்கள். லிஸ்ட்.காப்பிஆஃப் (ஜாவா 10 முதல்) லிஸ்டை மட்டுமே நகலெடுக்கும், உள்ளே இருக்கும் வரி ஆப்ஜெக்டுகள் பழையவைதான். வரி கிளாஸில் செட்டரையே எடுத்துவிடுங்கள், அல்லது ஜாவா 16 இருந்தால் ரெக்கார்டாக (செட்டரே இல்லாத, ஃபீல்டுகள் ஃபைனலான கிளாஸ்) எழுதுங்கள்.

கேட்டவர்:
செட்டரை எடுத்ததும் நாலு இடத்தில் கம்பைல் எரர். நாலுமே பழைய பில்லைத் திருத்திய இடங்கள்!