ராகமாலா குரு வாக்கா, இல்லையா? (சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிப் குறித்து)

கரிசல்குயில்:
வேறொரு திரியில் லூதியானாதமிழன் எழுதியதைப் படித்துவிட்டு எரிச்சலில்தான் இதைத் தொடங்குகிறேன். அவர் சொன்னது இது: "குரு கிரந்த சாகிப் முதல் பக்கத்திலிருந்து 1430ஆம் பக்கம் வரை பத்து குருமார்களின் வாக்கு. வெளியார் எழுத்து ஒன்றுகூட அதில் கிடையாது."

ஐயா, பஞ்சாபில் குடியிருந்தால் மட்டும் போதாது, கொஞ்சம் படிக்கவும் வேண்டும். அதில் பாடல்கள் உள்ள குருமார் ஆறு பேர். முதல் ஐவரும் ஒன்பதாவதான தேக் பகதூரும். 1604ல் ஐந்தாம் குரு அர்ஜன் அமிர்தசரஸில் பாய் குர்தாஸை எழுதவைத்துத் தொகுத்தபோதே கபீர், நாமதேவ், ரவிதாஸ், ஷேக் ஃபரீத், ஜெயதேவர் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். கபீர் மட்டுமே ஐந்நூறுக்கும் மேல். நெசவாளி, தையல்காரர், செருப்புத் தைப்பவர், சூஃபி என்று பதினைந்து பகத்துகள் (பக்திக் கவிஞர்கள்). இவர்களை இப்படி ஒரு வரியில் துடைத்துப் போடுவது அந்த நூலுக்கே செய்யும் அவமரியாதை. கடைசிப் பக்கத்தில் இருக்கும் ராகமாலா என்ற ராகப் பட்டியல் பாடலை யார் எழுதினார் என்பதிலேயே சீக்கியர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. இவர் வந்து 'ஒன்றுகூட கிடையாது' என்கிறார்!

லூதியானாதமிழன்:
பெயரைச் சொல்லியே திட்டியதற்கு நன்றி. பத்து குருமாரும் ஒரே ஜோதி என்பது சீக்கியர் நம்பிக்கை, அதனால்தான் பத்து என்றேன். பாடலின் முடிவில் எல்லா குருமாரும் நானக் என்றே முத்திரை வைத்திருக்கிறார்கள், அது உங்களுக்குத் தெரியுமா? கபீரும் ஃபரீதும் குரு அர்ஜன் கையால் உள்ளே வந்த பிறகு வெளியாரே இல்லை. நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை.

ஆனால் ராகமாலாவை மட்டும் போகிற போக்கில் இழுக்காதீர்கள். நான் வேலை பார்க்கும் ஊரில் அகண்ட பாட், அதாவது கிரந்தத்தை இடைவிடாமல் முழுக்க வாசிப்பது, நடந்தால் ராகமாலாவையும் வாசித்துத்தான் முடிப்பார்கள். இதை நேரில் உட்கார்ந்து கேட்டவன் நான்.

பனையோலை:
வந்துவிட்டார் நேரில் கேட்டவர்.

ராகமாலா குரு வாக்கு இல்லை. அதில் விவாதிக்கவே ஒன்றும் இல்லை. கிரந்தத்தில் ஒவ்வொரு பாடலுக்கும் தலைப்பில் மகலா ஒன்று, மகலா மூன்று, மகலா ஐந்து என்று எந்த குரு பாடியது என்பது இருக்கும். பகத்து என்றால் பகத்தின் பெயர் இருக்கும். ராகமாலாவுக்கு மகலாவும் இல்லை, நானக் முத்திரையும் இல்லை, யார் பெயரும் இல்லை. 1429ஆம் பக்கத்தில் குரு அர்ஜனின் முந்தாவணி என்ற முடிவுப் பாடல் வந்து நூல் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதுதான் இது.

இன்னொன்று. ராகமாலா ஒரு ராகப் பட்டியல். ஆறு ராகங்கள், முப்பது ராகினிகள், நாற்பத்தெட்டு புத்திரர்கள், மொத்தம் 84. கிரந்தத்தில் இருப்பதோ 31 ராகங்கள். 94ஆம் பக்கத்தில் தொடங்குகிற மாஜ் ராகம் ராகமாலாவில் கிடையாது. ஜைஜாவந்தி கிடையாது. ராகமாலாவில் உள்ள மால்கௌன்ஸ், மேக் ராகங்கள் கிரந்தத்தில் கிடையாது. மளிகைக் கடைப் பட்டியலில் அரிசியே இல்லை என்றால் அது எந்தக் கடைப் பட்டியல்?

லூதியானாதமிழன்:
ஜைஜாவந்தி ஒன்பதாம் குரு தேக் பகதூர் மட்டுமே பாடிய ராகம். அவர் பாடல்கள் 1604க்குப் பல பத்தாண்டுகள் கழித்து, தம்தமாவில் பாய் மணி சிங் எழுதிய பிரதியில் சேர்ந்தவை. 1604ல் எழுதிய பட்டியலில் அது எப்படி இருக்கும்? இதுகூடத் தெரியாமல் பட்டியல் போட வந்துவிட்டீர்கள்.

பனையோலை:
மாஜ்?

லூதியானாதமிழன்:
மாஜ் பஞ்சாபின் நாட்டு மெட்டிலிருந்து வந்த ராகம். சாஸ்திரப் பட்டியலில் இல்லாததில் என்ன அதிசயம்?

பனையோலை:
ஆக, அது கிரந்தத்தின் பட்டியல் இல்லை, வெளியே இருந்த ஏதோ சாஸ்திரப் பட்டியல் என்று நீங்களே சொல்கிறீர்கள். நன்றி, வணக்கம்.

சுருதிபெட்டி:
இசை தெரியாதவர்கள் ராகம் பற்றிப் பேசினால் இப்படித்தான். ராக, ராகினி, புத்திரர் என்று குடும்பம் குடும்பமாகப் பிரிப்பது அந்தக் காலத்து வட இந்திய வழக்கம். ஒருவர் பட்டியலும் இன்னொருவர் பட்டியலும் ஒத்துப்போகாது. ராகமாலா ஓவியங்கள் என்றே ஒரு வகை இருக்கிறது, பார்த்ததில்லையா? மாஜ் இல்லை மாஜ் இல்லை என்று பனையோலை ஒப்பாரி வைப்பதில் ஒரு அர்த்தமும் இல்லை. முன்பு ராஜஸ்தான் ஓவியத் திரியிலும் இதே மாதிரி ஒரு பட்டியலைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் படுத்தினார்.

பனையோலை:
ராஜஸ்தான் ஓவியத் திரியில் யார் பாதியில் ஓடினார்கள் என்பதை எல்லாரும் பார்த்தார்கள். அந்தப் பதிவுகளைப் பிறகு அழித்தது யார் என்பதும் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆலம் என்ற கவிஞரின் மாதவானல் காமகந்தலா, ஒரு காதல் காவியம். அதில் அரசவையில் நடனம் நடக்கிற இடத்தில் இந்த ராகப் பட்டியல் அப்படியே வருகிறது. காவியத்திலேயே காலம் குறித்திருக்கிறார், ஹிஜ்ரி 991, அதாவது 1583. கிரந்தம் தொகுத்ததற்கு இருபது வருடம் முன்னால். இதை, கிரந்தப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மெக்காலிஃப் 1909லேயே எழுதிவிட்டார். அவர் வெள்ளைக்காரர் என்று ஒதுக்கினால், 1843ல் முடிந்த, குருமார் வரலாறு பாடும் சூரஜ் பிரகாஷில் கவி சந்தோக் சிங் என்ன எழுதினார்? ராகமாலா குருவின் வாக்கு இல்லை என்றுதான். அவர் சீக்கியர்தானே? சீக்கியக் கலைக்களஞ்சியம் எழுதிய காஹன் சிங் நாபா சீக்கியர்தானே? அவரும் ஏற்கவில்லை.

சும்மாவந்தவன்:
காதல் காவியத்தில் ராகமாலாவா! சரி, பாப்கார்ன் எடுத்துவருகிறேன், தொடருங்கள்.

லூதியானாதமிழன்:
மெக்காலிஃப், மெக்காலிஃப். ஆலம் என்ற பெயரில் ஒருவருக்கு மேல் கவிஞர்கள் இருந்திருக்கிறார்கள், ஆலம் பெயரில் கிடைக்கும் ஏடுகளும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. ஆலம் இங்கிருந்து எடுக்கவில்லை என்பதற்கு என்ன சாட்சி?

கர்த்தார்பூர் பிரதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறீர்களே, ஏன்? பாய் குர்தாஸ் கைப்பட எழுதியது என்று மரபு சொல்லும் பிரதி, ஜலந்தர் பக்கம் கர்த்தார்பூரில் சோதி குடும்பத்திடம் இருக்கிறது. அதை 1945ல் பாய் ஜோத் சிங் உட்கார்ந்து ஏடு ஏடாகப் பார்த்தார். ராகமாலா அதில் இருக்கிறது, நூலை எழுதிய அதே கைதான் அதையும் எழுதியது என்று சொல்லியிருக்கிறார். 1968ல் புத்தகமாகவே வந்தது. முடிந்தது கதை.

பனையோலை:
முடியவில்லை. கர்த்தார்பூர் பிரதிதான் மூலப் பிரதியா என்றே 1944ல் ஜி.பி. சிங் கேள்வி எழுப்பி ஒரு புத்தகம் போட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஜோத் சிங் கிளம்பினார். ஒரு கட்சியின் வக்கீல் கொடுத்த அறிக்கையைத் தீர்ப்பு என்று காட்டுகிறீர்கள்.

அப்படியே அதே கை என்று வைத்துக்கொண்டாலும் என்ன? எழுதியவர் கை ஒன்று என்பதால் இயற்றியவர் குரு ஆகிவிடுவாரா? பாய் குர்தாஸ் கபீரையும்தான் எழுதினார். மகலா எங்கே? முத்திரை எங்கே? மாஜ் எங்கே?

மணிக்கூண்டு:
நண்பர்களே, கரிசல்குயில் தொடங்கிய விஷயம் ராகமாலா இல்லை. பகத்துகளின் பாடல் எப்படி வந்தது, அதற்கு என்ன மதிப்பு என்பதுதான். கோயிந்த்வாலில் மூன்றாம் குரு அமர்தாஸ் காலத்திலேயே தொகுத்த ஏடுகள் இருந்தன, அவர் பேரன் சகன்சர் ராம் எழுதியவை என்பது மரபு. அவற்றிலேயே கபீரும் நாமதேவும் இருக்கிறார்கள். அப்படியானால் பகத்துகளைச் சேர்த்தது குரு அர்ஜனுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ரவிதாஸின் நாற்பது பாடல்கள் உள்ள இந்த நூலுக்கு முன்னால்தான் பஞ்சாபில் எல்லாச் சாதிக்காரரும் தலை தாழ்த்த வேண்டும். இருந்தும், வியன்னாவில் 2009ல் ரவிதாசியத் துறவி ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, ரவிதாஸைப் பின்பற்றும் ரவிதாசியர்களில் ஒரு பிரிவினர் 2010ல் தங்களுக்கென அம்ரித்பாணி என்று தனி நூலே அறிவித்துவிட்டார்கள். இதைப் பற்றி யாராவது பேசலாமே?

பனையோலை:
பேசலாம், தனித் திரி திறந்து பேசுங்கள். இங்கே கேள்வி, மாஜ் ஏன் ராகமாலாவில் இல்லை?

கரிசல்குயில்:
திரி என்னுடையது, பனையோலை. என்ன பேசுவது என்று நீங்கள் உத்தரவு போட வேண்டாம். மணிக்கூண்டு சொல்வதுதான் எனக்கும் முக்கியம். பாபா ஃபரீத் 13ஆம் நூற்றாண்டுக்காரர், நானக் பிறந்தது 1469. அவர் பாடல்கள் இரண்டு நூற்றாண்டு தாண்டி எப்படி வந்து சேர்ந்தன? பாக்பட்டனில் அவர் வழிவந்த ஷேக் இப்ராகிமை நானக் சந்தித்தார் என்கிறார்கள். ஃபரீதின் சலோகங்களுக்கு (ஈரடிப் பாடல்களுக்கு) நடுவில் குருமார் தங்கள் சலோகத்தை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு புனித நூலுக்குள்ளேயே விவாதம் நடக்கிறது! இங்கே என்னடா என்றால் கடைசி ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு...

பனையோலை:
ஃபரீத் பாடலும் ஷேக் இப்ராகிம் எழுதியது என்பதுதான் மெக்காலிஃப் கருத்து. அதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

லூதியானாதமிழன்:
மறுபடி மெக்காலிஃப்! ஆறு தொகுதிகளையும் படித்தீர்களா, அல்லது யாராவது எடுத்துப்போட்ட ஒரு பத்தியா? அடுத்து 1877ல் ஜெர்மன் அறிஞர் எர்ன்ஸ்ட் டிரம்ப் எழுதியதையும் கொண்டுவருவீர்கள். அவர் அரைகுறையாக மொழிபெயர்த்துவிட்டு நூலையே மட்டம் தட்டியதால்தானே மெக்காலிஃப் சர்க்கார் வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டிவந்தது.

ராகமாலா வேண்டாம் என்று கிளம்பியவர்களின் கதை தெரியுமா? பாசௌர் ஊர் பாபு தேஜா சிங் ராகமாலாவில் தொடங்கினார், அப்புறம் பகத்துகளின் பாடல்களும் வேண்டாம் என்றார். 1928ல் அவரைப் பந்திலிருந்தே, அதாவது சீக்கிய சமூகத்திலிருந்தே, விலக்கினார்கள். கரிசல்குயில், நீங்கள் கபீருக்காக வரிந்துகட்டிக்கொண்டு வந்தீர்களே, உங்கள் பக்கம் நிற்பவர் எந்த வழியில் போகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கரிசல்குயில்:
அவர் என் பக்கம் என்று யார் சொன்னது? இவரோடு எனக்குப் பழைய கணக்கே இருக்கிறது. நீங்கள் 'வெளியார் எழுத்து ஒன்றுகூட கிடையாது' என்றதற்கு இன்னும் பதில் வரவில்லை.

லூதியானாதமிழன்:
சொல்லிவிட்டேன். உள்ளே வந்தவர் வெளியார் இல்லை.

சுருதிபெட்டி:
அப்படியானால் ஆலமும் உள்ளே வந்தவர்தானே? பிரச்சினை தீர்ந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போங்கள்.

லூதியானாதமிழன்:
ஆலம் எழுதினார் என்று நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள்.

பனையோலை:
தேஜா சிங் கதையைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். பகத்துகளைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை, அவர்களுக்குத் தலைப்பில் பெயர் இருக்கிறது. ராகமாலாவுக்கு இல்லை.

1945ல் சிரோமணி குருத்வாரா கமிட்டி ஒப்புதல் கொடுத்த ரெஹத் மரியாதா என்ற சீக்கிய நடத்தை விதித் தொகுப்பில் என்ன எழுதியிருக்கிறது? பாட் முடிப்பது முந்தாவணியோடும் இருக்கலாம், ராகமாலாவோடும் இருக்கலாம், அந்தந்த இடத்து வழக்கப்படி செய்யலாம் என்று. குரு வாக்கு என்று உறுதியாக இருந்திருந்தால் வாசிக்காமல் விட யாராவது அனுமதி கொடுப்பார்களா? வேறு எந்தப் பாடலுக்காவது இப்படி ஒரு விருப்பத் தேர்வு உண்டா? லூதியானாவில் நீங்கள் உட்கார்ந்து கேட்டது உங்கள் தெருவின் வழக்கம், அவ்வளவுதான்.

லூதியானாதமிழன்:
அதே பத்தியில் அடுத்த வரியை ஏன் விழுங்கினீர்கள்? ராகமாலா இல்லாமல் யாரும் கிரந்தத்தை எழுதவோ அச்சடிக்கவோ கூடாது என்று இருக்கிறது. பாதி வரியை மட்டும் காட்டுவது எந்த ஊர் நேர்மை? சுருதிபெட்டி சொன்னது சரிதான், இது உங்கள் வழக்கமான வேலை.

பனையோலை:
விழுங்கவில்லை. அந்த வரியின் காரணத்தையும் அங்கேயே சொல்லியிருக்கிறார்கள், பந்துக்குள் கருத்து வேறுபாடு இருப்பதால் என்று. கருத்து வேறுபாடு இருக்கிறது என்று அவர்களே எழுதிய பிறகு, இல்லவே இல்லை என்று சொல்ல நீங்கள் யார்?

லூதியானாதமிழன்:
'விவாதிக்கவே ஒன்றும் இல்லை' என்று முதல் பதிவில் எழுதியது யார்? மேலே போய்ப் பாருங்கள்.

மணிக்கூண்டு:
1708ல் நாந்தேடில் பத்தாம் குரு கோவிந்த் சிங் இனி கிரந்தமே குரு என்று அறிவித்தார் என்பதைத்தான் சீக்கியர்கள் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறார்கள். அதைப் பற்றி இத்தனை பதிவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் இனி இங்கே எழுதுவதாக இல்லை.

சும்மாவந்தவன்:
மணிக்கூண்டு அண்ணா போகாதீர்கள், நீங்கள் ஒருவர்தான் மரியாதையாகப் பேசுகிறீர்கள். பனையோலை அண்ணன் இருக்கிற திரியில் இதெல்லாம் சகஜம்.

பனையோலை:
மரியாதை பற்றிச் சும்மா வந்தவர்கள் பாடம் எடுக்க வேண்டாம். ராஜஸ்தான் ஓவியத் திரியில் என்னைப் பற்றி என்ன எழுதினீர்கள் என்பது என்னிடம் படமாகவே இருக்கிறது.

லூதியானாதமிழன், உங்களிடம் நான் கேட்டது மூன்றே மூன்று. மகலா இல்லை, முத்திரை இல்லை, மாஜ் இல்லை. நீங்கள் கர்த்தார்பூர் போனீர்கள், பாசௌர் போனீர்கள், என் நேர்மைக்கும் போய்விட்டீர்கள், இந்த மூன்றுக்கும் மட்டும் வரவில்லை. ஆலம் காவியத்தின் அந்தப் பகுதியையும் ராகமாலாவையும் வரி வரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரவு போடுகிறேன். நீளமாக இருக்கும், பொறுமை இல்லாதவர்கள் படிக்க வேண்டாம்.

லூதியானாதமிழன்:
போடுங்கள். எந்த ஏட்டிலிருந்து எடுத்தது, அது எந்த வருடத்து ஏடு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். மெக்காலிஃப் சொன்னார் என்று மறுபடி ஆரம்பித்தால் நான் பதில் எழுத மாட்டேன்.

பனையோலை:
மெக்காலிஃப் மூன்றாவது தொகுதி, எடுத்து வையுங்கள்.