வருஷத்துக்கு இருபதாயிரம், பன்னிரண்டு நாள் லீவு: இதில் எங்கே போவது?

அம்பத்தூர் கணக்கன்:

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பிடித்தம் போகக் கையில் வருவது 31,000. ஞாயிறு லீவு, சனிக்கிழமையில் ரெண்டாவதும் நாலாவதும் லீவு, அதற்கு மேல் வருஷத்துக்கு 12 நாள் சி.எல். அதிலும் மாதக் கடைசியில் மூன்று நாள் நகர முடியாது, 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் நாள், அன்றைக்கு லீவு என்று வாயைத் திறந்தாலே மேனேஜர் முகம் மாறிவிடும்.

மனைவி, ஆறு வயதுப் பெண், நான். மூன்று வருஷமாகக் காஷ்மீர், காஷ்மீர் என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். போனது என்னவோ திருப்பதி ரெண்டு தடவை, மாமனார் ஊரான ஆரணிக்கு எண்ணிக்கை இல்லாமல். போன வாரம் பள்ளிக்கூடத்தில் 'நான் பார்த்த இடம்' என்று ஐந்து வரி எழுதச் சொன்னதற்கு, பெண் ஆரணி பஸ் ஸ்டாண்டைப் பற்றி எழுதிவிட்டு வந்தாள். சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது.

வருஷத்துக்கு 20,000 வரை ஒதுக்க முடியும். கடன் வாங்கியோ இ.எம்.ஐ. போட்டோ ஊர் சுற்ற மாட்டேன், அந்த யோசனை மட்டும் வேண்டாம். உங்களில் என்னைப் போன்ற சம்பளக்காரர்கள் எப்படிப் போகிறீர்கள்?

ராத்திரி ரயில்:

சார், உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நாலாவது சனிக்கிழமை எப்போதும் 22-க்கும் 28-க்கும் நடுவில்தான் வரும். 20-ஆம் தேதி ரிட்டர்ன் முடிந்திருக்கும், மாதக் கடைசி நெருக்கடியும் பெரும்பாலும் தொடங்கியிருக்காது. வெள்ளி ராத்திரி ரயில் ஏறினால் சனி, ஞாயிறு முழுசாக உங்களுக்கு, திங்கள் விடியற்காலை தாம்பரத்தில் இறங்கி வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு ஆபீஸ். ஒரு சி.எல். கூடச் செலவில்லை. ரெண்டு ராத்திரி ரயிலிலேயே தூங்கிவிடுவதால் லாட்ஜ் ஒரு நாளைக்குப் போதும்.

முதல் தடவைக்குக் கும்பகோணம் சொல்வேன். எழும்பூரிலிருந்து உழவன், மன்னை ரெண்டுமே ராத்திரி வண்டிகள், ஸ்லீப்பர் டிக்கெட் முன்னூறுக்குள். விடிவதற்கு முன்பே இறக்கிவிடும், அது கொஞ்சம் தொந்தரவுதான், வெயிட்டிங் ஹாலில் பல் தேய்த்து முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் டிகிரி காபி. காலை டிபனுக்கு இட்லியும் கடப்பாவும் கிடைக்கிற கடையாகப் பார்த்துப் போங்கள், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு வெள்ளையாக இருக்கும், சென்னையில் அந்த ருசி எனக்குக் கிடைத்ததில்லை.

அப்புறம் நேராகத் தாராசுரம் கோயில். கட்டணம் எதுவும் கிடையாது. கூட்டம் வருவதற்கு முன் போய்விட்டால் யாராவது ஒரு பெரியவர் அந்தச் சின்னச் சிற்பத்தைக் காட்டுவார்: ஒரே தலைதான், இடது பக்க உடம்பைக் கையால் மறைத்தால் யானை, வலது பக்கத்தை மறைத்தால் காளை. நான் பக்கத்தை மாற்றிச் சொல்கிறேனோ என்னவோ, உங்கள் பெண்ணை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். என் அக்கா பையன் அதன் முன்னால் அரை மணி நேரம் கையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே நின்றான்.

மறுநாள் ஞாயிறு, அணைக்கரை வழியாக ஜெயங்கொண்டம் போகிற பஸ்ஸில் கங்கைகொண்ட சோழபுரம். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். தஞ்சாவூர் பெரிய கோயில் 1987-லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது, இந்த ரெண்டும் 2004-இல்தான். அதனாலோ என்னவோ தஞ்சாவூர்க் கூட்டத்தில் கால்வாசி கூட இங்கே இல்லை. எனக்கு அதுவே போதும்.

மூணு டிக்கெட் அம்மா:

மேலே எழுதியவருக்குக் குழந்தை இல்லை என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது 😄 ஆறு வயதுக் குழந்தையை விடியற்காலை எழுப்பி இறக்கிப் பாருங்கள், கடப்பாவெல்லாம் அப்புறம்தான். சனிக்கிழமை காலையிலேயே உள்ளே விடுவார்களா என்று லாட்ஜில் முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் 24 மணி நேரக் கணக்குதான், ஆனால் சில இடங்களில் மதியம் 12 மணிக்குத்தான் அறை என்பார்கள். பெரிய ஸ்டேஷன்களில் ஓய்வறை இருக்கிறது, பி.என்.ஆர். நம்பரை வைத்து ஐ.ஆர்.சி.டி.சி.யிலேயே 12 மணி நேரத்துக்குப் போடலாம், நாங்கள் மதுரையில் அப்படித்தான் குளித்துக் கிளம்பினோம்.

செலவு விஷயம். டிக்கெட்டில் காசு போவதில்லை. ஆட்டோவில் போகிறது, தண்ணீர் பாட்டிலில் போகிறது, 'வந்ததுக்கு வந்தோம்' என்று வாங்குகிற பொம்மையில் போகிறது. நான் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன், ஒரு பயணத்தில் மூன்று பேருக்கு ரயிலுக்கு ஆனது 1,300, ஆட்டோவுக்கு மட்டும் 1,150! அதிலிருந்து டவுன் பஸ்தான். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் டிக்கெட்டே இல்லை, அது சென்னையில் மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், மற்ற ஊர் டவுன் பஸ்ஸிலும் உண்டு. குழந்தைக்கு ஐந்து வயது முடிந்துவிட்டால் தனி பெர்த் வேண்டுமென்றால் முழு டிக்கெட், உங்களோடு படுத்துக்கொள்வாள் என்றால் அரை டிக்கெட். புக் பண்ணும்போது அந்தக் கட்டத்தைக் கவனித்துப் போடுங்கள்.

கிளம்புகிற ராத்திரிக்கு வீட்டிலிருந்தே புளியோதரை, மறுநாள் காலைக்குப் பொடி தடவிய இட்லி. இதைச் சொன்னால் சிலர் பழைய காலம் என்பார்கள், சொல்லட்டும்.

கிளாம்பாக்கம் அகதி:

எல்லோரும் சொல்லாமல் விட்ட ஒன்று: தொடர் லீவு வருகிற நாளில் எங்கேயும் போகாதீர்கள். போன வருஷம் ஆயுத பூஜை லீவுக்கு ஒரு ஆம்னி பஸ்ஸில் திருநெல்வேலிக்கு, வழக்கமாக 900 இருக்கும் சீட்டுக்கு 2,600 கொடுத்தேன். கொடுத்துவிட்டு கிளாம்பாக்கத்தில் ஒன்றரை மணி நேரம் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தேன், பஸ் வரவில்லை, போன் எடுக்கவில்லை, அப்புறம் வந்த பஸ் வேறு பஸ், சீட்டும் வேறு. காலண்டரைப் பார்த்து 'திங்கள் ஒரு நாள் போட்டால் நாலு நாள் கிடைக்கும்' என்று கண்டுபிடிக்கிற மூளை உங்களுக்கு மட்டும் இல்லை, ஊரில் எல்லோருக்கும் இருக்கிறது. அதற்குப் பதில் ஒரு சாதாரண வாரத்தில் புதன், வியாழன் லீவு போட்டுப் போய்ப் பாருங்கள். ஊட்டியில் அதே அறை பாதி விலைக்குத் தருவார்கள். அங்கே சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும்தான் இ-பாஸ், அரசு பஸ்ஸில் போனால் அந்தத் தொல்லையும் இல்லை.

ஆமாம், ஒரு சந்தேகம். 12 நாள் சி.எல். என்கிறீர்கள், ஈ.எல். (ஈட்டிய விடுப்பு) என்ன ஆகிறது? கம்பெனியில் தருவதில்லையா?

அம்பத்தூர் கணக்கன்:

இருக்கிறது. வருஷத்துக்கு 15 நாள். மார்ச்சில் சரண்டர் பண்ணிக் காசாக வாங்கிவிடுவேன், ஏழு வருஷமாக அப்படித்தான். ஸ்கூல் பீஸ் கட்ட உதவும்.

கிளாம்பாக்கம் அகதி:

அப்போது லீவு இல்லை என்று சொல்லாதீர்கள் சார், விற்றுவிட்டேன் என்று சொல்லுங்கள். தப்பு என்று சொல்லவில்லை, பீஸ் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் கணக்குப் பிரிவில் இருக்கிறவர் நீங்கள், இதைப் பயணச் செலவில் எழுதவே இல்லை. 15-இல் ஐந்து நாளை மட்டும் விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள், சரண்டர் பணத்தில் ஐயாயிரம் குறையும். சனி லீவாக இருக்கிற வாரமாகப் பார்த்துச் சேர்த்தால் எட்டு நாள் ஆகிறது.

எட்டு நாளில் காஷ்மீர் வேண்டாம், ரயிலிலேயே போய்விடும். ரயிலில் ஒரு பழைய விதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது: 500 கி.மீ.க்கு மேற்பட்ட டிக்கெட்டில் நடுவில் ஒரு இடத்தில் இறங்கி ரெண்டு நாள் தங்கலாம், 1,000-க்கு மேல் என்றால் ரெண்டு இடத்தில். முதல் நிறுத்தம் 500 கி.மீ. தாண்டிய பிறகுதான். தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கு ஆகிற காசு குறைந்துகொண்டே வரும் என்பதால் தனித்தனி டிக்கெட்டை விட இது மலிவு. சென்னை–டெல்லி 2,100 கி.மீ.க்கு மேல். போபாலில் இறங்கி சாஞ்சி ஸ்தூபியைப் பார்க்கலாம், அப்புறம் ஆக்ராவில் இறங்கலாம். கவுண்டரில்தான் எடுக்க வேண்டும், எங்கே இறங்குவீர்கள் என்பதை அப்போதே சொல்லிவிட வேண்டும். தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அதைப் பார்த்து நாளைப் போடுங்கள். 15 வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை.

சாரல் தென்காசி:

டெல்லி ஆக்ரா எல்லாம் சரி, எங்கள் ஊரை யாரும் சொல்லவில்லையே. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை ஒரு வார நாளில் வாங்க அண்ணே. பொதிகையில் ஏறினால் காலையில் தென்காசி. சீசன் சனி ஞாயிறில் மட்டும் வேண்டாம், குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீரை விடத் தலைதான் அதிகம் தெரியும். வார நாளில் ஐந்தருவியில் காலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். தண்ணீர் மிரட்டினால் போலீஸ் அருவியை மூடிவிடுவார்கள், அன்றைக்கு செங்கோட்டையிலிருந்து புனலூர்ப் பக்கம் போகிற பகல் வண்டியில் ஏறிவிடுங்கள், ரிசர்வேஷன் எல்லாம் வேண்டாம். பகவதிபுரம் தாண்டினால் குகை, உள்ளே போகும்போது வெயில், வெளியே வந்து ஆரியங்காவு பார்த்தால் மழை, அப்படி எத்தனையோ நாள் நடந்திருக்கிறது. தென்மலைக்கு முன்னால் பதிமூன்று கண் பாலம் வரும், உங்கள் பெண்ணை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள், எண்ணட்டும்.

அம்பத்தூர் கணக்கன்:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி மனைவியிடம் இதை முழுசாக வாசித்துக் காட்டினேன். 'ஏழு வருஷம் லீவை வித்தீங்களா' என்று ஒரே கேள்விதான் கேட்டாள். புளியோதரை விஷயத்தில் மூணு டிக்கெட் அம்மாவுக்கு முழு ஆதரவு. டெல்லி அடுத்த வருஷத்துக்கு, ஐந்து ஈ.எல். இப்போதே ஒதுக்கி மேனேஜரிடம் சொல்லிவிட்டேன், முகம் கொஞ்சம்தான் மாறியது.

வருகிற நாலாவது சனிக்குக் கும்பகோணம். டிக்கெட்டை அறுபது நாள் முன்னாடியே போட்டிருக்க வேண்டும், இன்றைக்குத்தான் போட்டேன். திரும்பி வர கன்ஃபர்ம். போவதற்கு ஆர்.ஏ.சி. 14, 15. ஏறலாமா?

ராத்திரி ரயில்:

தாராளமாக ஏறுங்கள், ஆர்.ஏ.சி.க்கு முழு பெர்த் கிடைக்காவிட்டாலும் உட்கார சீட் உறுதி. 14-ம் 15-ம் ஒரே சைடு லோயரில் (வழியோரக் கீழ் பெர்த்தில்) விழுந்தால் மூன்று பேருக்கு ஒரு பெர்த், குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு நீங்கள் ரெண்டு பேரும் இந்தக் கோடியும் அந்தக் கோடியுமாக. விழுப்புரத்துக்குள் டி.டி.ஆரைப் பிடித்துக் கேளுங்கள். ஒரு பெரிய துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், சைடு ஜன்னலில் காற்று வரும்.