லீவுல அடுத்த வருசப் பாடத்தை முன்னாடியே படிக்கணுமா? (மருத்துவம், இரண்டாம் ஆண்டு)

ஈசூன்_மாணவி

வணக்கம். இங்க டாக்டர்களும் மருத்துவம் படிக்கிறவங்களும் இருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் கேட்கிறேன். நான் இங்க சிங்கப்பூர்ல மருத்துவம் முதலாம் ஆண்டு முடிச்சிட்டேன். தேர்வு முடிஞ்சு ஒன்பது நாள் ஆச்சு. அடுத்த வருசம் பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி, ஃபார்மக்காலஜி எல்லாம் சேர்ந்து வரும். முந்தாநாள் எங்க வகுப்பு வாட்ஸ்அப் குழுவுல ஒருத்தன் "இதயம் முடிச்சாச்சு, நுரையீரல் ஆரம்பிக்கிறேன்"னு போட்டான். அதுக்குக் கீழ பதினொரு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தாங்க. சீனியர்ங்க கைமாத்திக் குடுத்த ஆன்கி அட்டைங்க (ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில்) ஆயிரக்கணக்குல என் லேப்டாப்ல கிடக்கு. இன்னும் திறக்கல.

அப்பா பஸ் டிரைவர். காலை ஷிப்டுக்கு நாலு மணிக்கு எழும்புவார். அப்போ என் ரூம் கதவுக்கு அடியில வெளிச்சம் தெரியுதான்னு ஒரு பார்வை பார்ப்பார். திட்ட மாட்டார். "இப்பவே படிச்சு வச்சிட்டா அப்புறம் பாரம் குறையும்லம்மா"ன்னு மட்டும் சொல்வார். அதைக் கேட்டாத்தான் எனக்குத் தாங்க முடியல.

எனக்குத் தூங்கணும். பாட்டிகூட தேக்கா மார்க்கெட் போகணும். வாரத்துக்கு மூணு நாள் உயர்நிலைப் பிள்ளைங்களுக்கு டியூஷன் சொல்லித் தர்றேன், அந்தக் காசும் எனக்கு வேணும். ஆனா புத்தகத்தைத் தொடாத ஒவ்வொரு நாளும் மத்தவங்க என்னைத் தாண்டிப் போயிட்டே இருக்காங்கன்னு வயித்தைக் கலக்குது. முன்கூட்டியே படிச்சவங்க யாராவது சொல்லுங்க. நிஜமாவே உதவிச்சா?

மூணாம்_வருசம்

நான் படிச்சேன். அந்த லீவு முழுக்க, தினமும் ஆறு மணி நேரம். செல் எப்படிச் சாகுது, அழற்சி எப்படித் தொடங்குது, காசநோயில திசு ஏன் பாலாடைக்கட்டி மாதிரி ஆகுது, எல்லாம் எழுதி எழுதிப் படிச்சேன்.

பிறகு விரிவுரை தொடங்கினப்ப எதைக் கேட்டாலும் "இது தெரியுமே"ன்னு தோணுச்சு. கவனிக்கறதை விட்டுட்டேன். சிலதுக்குப் போகவே இல்ல. முதல் தேர்வுல கேள்வியைப் பார்த்தா எல்லாமே பழகின முகம் மாதிரி இருக்கு, ஆனா பேர் வர மாட்டேங்குது. மார்க் என் வகுப்புல கடைசி வரிசைக்குப் பக்கம். அதைவிட மோசம், செப்டம்பர்லயே நான் களைச்சுப் போயிருந்தேன். மத்தவங்க ஓட ஆரம்பிக்கிற நேரத்துல எனக்குக் கால் ஓஞ்சு போச்சு.

அந்தக் குழுவோட சத்தத்தை அணைச்சு வை. முதல்ல அதைச் செய்.

பிசிக்ஸ்_பெஞ்ச்

எல்லாரும் "படிக்காதே"ன்னு சொல்றதுக்கு முன்னாடி என் தரப்பையும் சொல்லிடறேன். நான் சேர்ந்தப்ப இங்க மருத்துவம் சேர ஏ நிலையில கெமிஸ்ட்ரி கட்டாயமா இருந்துச்சு. கூட பயாலஜி இல்லன்னா பிசிக்ஸ் இருந்தாப் போதும்னு இருந்துச்சு. நான் பிசிக்ஸ். தொடக்கக்கல்லூரியில ஒரு நாள்கூட பயாலஜி படிச்சதில்ல. தேசிய சேவையில இருந்தப்ப ராத்திரி முகாம் படுக்கையில உட்கார்ந்து செல், புரதம், மரபணுன்னு ஆரம்பத்துல இருந்து படிச்சேன். உறுப்புங்களோட லத்தீன் பேர் எப்படிப் பிரியும், எந்த விகுதி வந்தா அழற்சி, எந்த விகுதி வந்தா வெட்டி எடுக்கறதுன்னு ஒரு சின்ன நோட்டுல எழுதி வச்சேன். அது இல்லன்னா முதல் மாசத்துலயே மூழ்கியிருப்பேன்.

அதனால முதலாம் ஆண்டு சேரப்போற தம்பி தங்கச்சிங்க இதைப் படிச்சா, அடித்தளம் இல்லாதவங்க கொஞ்சம் படிச்சுட்டே வாங்க. ஆனா ஈசூன் மாணவி, நீங்க அந்த இடத்துல இல்ல. ஒரு வருசம் தாண்டிட்டீங்க.

இரவு_வார்டு

தங்கச்சி, நான் இப்போ மெடிக்கல் ஆஃபிசர். ஹவுஸ்மேன் வருசம், அதாவது பட்டம் வாங்கினதும் வர்ற பயிற்சி வருசம், முடிஞ்சு மூணு வருசம் ஆகுது. பகல்ல உன் கேள்வியைப் படிச்சிட்டு வேலைக்குப் போயிட்டேன், ஆனா மனசு இங்கயேதான் இருந்துச்சு. எனக்கு இது எங்க வீட்டுக் கதை.

முதலாம் ஆண்டு லீவுல நானும் உட்கார்ந்து படிச்சேன். புக்கிட் பாத்தோக் வீட்டுல, சமையலறை மேசையில. நீரிழிவு மருந்துங்க அத்தனையும் ஜூன் மாசத்துலயே மனப்பாடம். "சல்ஃபோனைல்யூரியா, முக்கியமான பக்கவிளைவு?" "ரத்தத்துல சர்க்கரை தாழ்ந்து போறது." அந்த அட்டையைக் குறைஞ்சது நாப்பது தடவை சரியாச் சொல்லியிருப்பேன். அதே மேசைக்கு மேல, மைலோ டின்னுக்குப் பக்கத்து ஆணியில எங்க அப்பாவோட மருந்துப் பை தொங்கும். அதுக்குள்ள கிளிபிசைடு இருந்துச்சு. அது சல்ஃபோனைல்யூரியா வகைதான். அந்தப் பையை நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்ல.

அடுத்த தைப்பூசம் வந்துச்சு. அப்பா வருசா வருசம் பால்குடம் எடுப்பார். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் நடை. முந்தின நாள் ஒரு வேளைதான் சாப்பிட்டார். அன்னிக்குக் காலையில வெறும் வயிறு. ஆனா மாத்திரையை விடல. "சாமி காரியத்துக்குப் போறப்ப உடம்பு நல்லா இருக்கணும்"னு ஒழுங்காப் போட்டுக்கிட்டார். பாதி வழியில வேர்த்துக் கொட்டுச்சு, கை நடுங்குச்சு, என்னைப் பார்த்து சம்பந்தமே இல்லாம ஏதோ பேசினார். பக்திப் பரவசம்னு அம்மா நினைச்சாங்க. வெயில்னு நான் நினைச்சேன். பக்கத்துல நடந்து வந்த ஒரு அம்மாதான் "இவருக்கு இனிப்புநீர் இருக்கா?"ன்னு கேட்டுட்டு, தண்ணீர்ப் பந்தலுக்கு ஓடி ரோஸ் சிரப் வாங்கிட்டு வந்து குடிக்க வச்சாங்க. முதலுதவிக்காரங்க விரல்ல குத்திப் பார்த்தப்ப சர்க்கரை 2.6 mmol/L. நாலுக்குக் கீழ போனாலே தாழ்வுன்னு நான் ஜூன் மாசமே படிச்சிருந்தேன்.

அப்பா பிழைச்சார். ராத்திரி முழுக்க மருத்துவமனையில வச்சுக்கிட்டாங்க. சிரப் குடிச்சு எழுந்து உட்கார்ந்தவரை ஏன் வீட்டுக்கு அனுப்பலன்னு அந்தக் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து யோசிச்சப்பதான் எனக்கு அந்த மருந்தே புரிஞ்சது. கணையத்தோட பீட்டா செல்லுல ஒரு பொட்டாசியம் வாசல் இருக்கு. மருந்து அதை மூடிடும். செல்லோட மின்னழுத்தம் மாறும், கால்சியம் உள்ள வரும், இன்சுலின் வெளிய போகும். ரத்தத்துல சர்க்கரை இருக்கா இல்லையான்னு அது பார்க்காது. மனுசன் சாப்பிட்டாலும் பட்டினி கிடந்தாலும், மருந்து உடம்புல இருக்கிற வரைக்கும் இன்சுலின் வந்துட்டே இருக்கும். அதனாலதான் ஒரு தடவை ஏறின சர்க்கரை மறுபடி விழலாம். மெட்ஃபார்மின் அப்படி இல்ல. கல்லீரல் சர்க்கரை உண்டாக்குறதை அது குறைக்கும். அதை மட்டும் தனியா எடுக்கிறவங்களுக்கு இப்படி விழுறது அரிது. பொட்டாசியம் வாசலை நான் முதலாம் ஆண்டு நரம்புப் பாடத்துலயே படிச்சிருந்தேன். தேர்வு முடிஞ்ச அன்னிக்கு மூடி வச்சிட்டு அடுத்த வருசத்துக்குத் தாவிட்டேன்.

அதனால நான் சொல்றது, லீவுல முன்னாடி ஓடாதே, படிச்சதுக்குத் திரும்பிப் போ. 1885-ல எபிங்ஹவுஸ்னு ஒரு ஜெர்மானியர் அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு வேகமா மறக்குதுன்னு கணக்கு எடுத்து எழுதினார். பெரும்பங்கு முதல் சில மணி நேரத்துலயே போயிடுது, பிறகுதான் மறதி மெதுவாகுது. நோயாளியையும் பார்க்காம, உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னும் யோசிக்காம மனப்பாடம் பண்ணின வரையறை நமக்கு அந்த அசை மாதிரிதான்.

உங்க பாட்டி பலதுறை மருந்தகத்துல (பாலிகிளினிக்) மருந்து வாங்குறவங்களா இருந்தா அந்தப் பையை மேசையில கொட்டு. பாட்டியையும் பக்கத்துல உட்கார வை. ஒவ்வொண்ணும் எதுக்குன்னு அவங்க நினைக்கிறாங்க, எப்போ எப்படிப் போட்டுக்கிறாங்கன்னு முதல்ல கேளு. ரத்தக் கொதிப்பு மாத்திரை எனலாப்ரில் இருந்தா, ரத்த அழுத்தத்தை ஏத்துற ரெனின், ஆஞ்சியோடென்சின் பாதையைப் பார்க்காம ஒரு வெத்துத் தாள்ல எழுது. எந்த இடத்துல கை நிக்குதோ அங்க இருந்து உன் லீவுப் பாடம் தொடங்குது. அந்த மருந்து தடுக்கிற அதே நொதிதான் பிராடிகைனின்ங்கிற பொருளையும் உடைக்கிறது. உடைக்காம அது தேங்கிப் போறதாலதான் சிலருக்கு வறட்டு இருமல் வருது. இன்னொரு கொதிப்பு மாத்திரை அம்லோடிபின் இருந்தா கணுக்காலைப் பாரு. தமனி விரியற அளவுக்குச் சிரை விரியறதில்ல. நடுவுல இருக்கிற தந்துகியில அழுத்தம் ஏறி நீர் கசியும். ஸ்டார்லிங் பேர்ல நீ முதலாம் ஆண்டு படிச்ச கணக்கேதான். எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை முடிவு ஏதாவது கிடைச்சா அதையும் எடுத்து வை. சிவப்பணுவுல ஒட்டின சர்க்கரையைத்தான் அது அளக்குது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும், அதனாலதான் அந்த ஒரு எண் ரெண்டு மூணு மாசத்துச் சர்க்கரையைச் சொல்லுது. இப்படிப் படிச்சா அடுத்த வருசம் மருந்துப் பேர் உனக்குப் புதுசா இருக்காது, பாட்டி முகத்தோடதான் ஞாபகம் வரும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்றேன். எதையும் நிறுத்தாதே, அளவை மாத்தாதே. நீ இன்னும் மாணவி. சந்தேகம் வந்தா மருந்தகத்துக்குப் போன் பண்ணு.

இதுக்கு வாரத்துல ரெண்டு சாயங்காலம் போதும். மத்த நேரம் தூங்கும்மா. ஹவுஸ்மேன் வருசத்துல ராத்திரி முழுக்க வார்டுல நின்னுட்டு மறுநாளும் வேலை பார்க்க வேண்டி வரலாம். அப்போ கேட்டாலும் இந்தத் தூக்கம் கிடைக்காது.

நாலு மணிக்கு எழும்புற உங்க அப்பா ஏதாவது மாத்திரை போடுறாரான்னும் பாரு.

ஓய்வுபெற்ற_தாதி

கண்ணு, மேல டாக்டரம்மா சொன்னதோட நான் ஒண்ணு சேர்க்கிறேன். 34 வருசம் வார்டுல இருந்தேன். இளம் டாக்டருங்களுக்கும் நம்ம வயசானவங்களுக்கும் நடுவுல நின்னு மொழிபெயர்க்கிறதே எனக்குப் பாதி வேலை.

நம்ம ஆளுங்க "மயக்கமா இருக்கு"ன்னு சொன்னா மூணு அர்த்தம் இருக்கலாம். தலை சுத்துறதா இருக்கலாம், கண் இருட்டிக்கிட்டு வர்றதா இருக்கலாம், நினைவே தப்பினதா இருக்கலாம். திரும்பக் கேட்டாத்தான் தெரியும். "கால் குடையுது, எரியுது"ன்னா நரம்பைப் பாரு, பல வருசத்துச் சர்க்கரையா இருக்கலாம். எனக்கு ரொம்பப் பயமான வார்த்தை "வாய்வு". நெஞ்சுல பிடிக்குதுன்னு தைலம் தேய்ச்சு, ஓமத்தண்ணி குடிச்சு, விடிய விடிய உட்கார்ந்திருந்துட்டு காலையில வருவாங்க. ஈசிஜி எடுத்தா மாரடைப்பு. நீரிழிவுக்காரங்களுக்கு நெஞ்சுவலி தெளிவாவே தெரியாமப் போகலாம், அதனால வாய்வுன்னு அவங்களும் நம்பிடுவாங்க. நம்ம இந்தியர்கள்ல நீரிழிவு அதிகம்னு உனக்கே தெரியும். 2016-ல அரசாங்கம் நீரிழிவுக்கு எதிரான போர்னு அறிவிச்ச பிறகு எத்தனையோ சுவரொட்டி வந்தது. ஆனா அந்த ஆயாகிட்ட "எப்படிப்பட்ட வாய்வு, எங்க தொடங்குச்சு, தோளுக்கோ தாடைக்கோ போகுதா"ன்னு அவங்க தமிழ்லயே கேட்க ஒரு ஆள் வேணும்.

பாட்டிகூட தேக்கா போ. அங்க கல் பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற பெரியவங்க பேசுறதைக் கேளு. மலாய்ல நாலு வார்த்தை கத்துக்கோ, "சாக்கிட்" வலி, "ஊபாட்" மருந்து. ஹொக்கியன் பேசுற பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, ஆ மா, இருந்தா வலிக்கு என்ன சொல்லுவாங்கன்னு அவங்ககிட்டயே கேளு. நீ கேட்டாலே சந்தோசப்படுவாங்க.

ஈசூன்_மாணவி

எல்லாருக்கும் நன்றி. இரவு வார்டு அக்கா, உங்க அப்பா இப்போ நல்லா இருக்காரா?

நேத்து ராத்திரி கொட்டிப் பார்த்தேன். ஒரு பை இல்ல, மூணு பை. அம்லோடிபின் ரெண்டு டப்பா இருக்கு. ஒண்ணு பலதுறை மருந்தகத்துல வழக்கமாக் குடுக்கிறது. இன்னொண்ணு மார்ச் மாசம் பாட்டி மருத்துவமனையில இருந்து வீட்டுக்கு வந்தப்ப குடுத்தது. ஒண்ணு வட்டமா இருக்கு, இன்னொண்ணுக்கு எட்டு மூலை. பாட்டிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, வடிவத்தை வச்சுத்தான் மாத்திரையை அடையாளம் கண்டுக்குவாங்க. "இது பழைய கொதிப்புக்கு, இது ஆஸ்பத்திரிக் கொதிப்புக்கு"ன்னு விளக்கம் சொன்னாங்க. ரெண்டையும் போட்டுக்கிட்டு வந்திருக்காங்க. கணுக்கால் வீங்கியிருக்கு. கோயில்ல ரொம்ப நேரம் நின்னதாலன்னு சொல்லி எங்க எல்லாரையும் நம்ப வச்சிருந்தாங்க. நானும் நம்பியிருந்தேன்.

காலையில மருந்தகத்துக்குப் போன் பண்ணினேன். மருந்தாளர் பொறுமையா ரெண்டு டப்பாவோட பேரையும் அளவையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்க. ஒண்ணை மட்டும் போடச் சொன்னாங்க. தினமும் ரத்த அழுத்தம் பார்த்து எழுதி வச்சு, செவ்வாய்க்கிழமை மூணு பையையும் கொண்டு வரச் சொன்னாங்க. அன்னிக்கு இருந்த டியூஷனை வியாழனுக்கு மாத்திட்டேன். நானும் பாட்டியோட போறேன்.

தாதி ஆன்ட்டி, பாட்டிகிட்ட "வாய்வு வந்தா எப்படி இருக்கும்?"னு கேட்டேன். அரை மணி நேரம் சொன்னாங்க. எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன்.

ரெனின் பாதையை ஆஞ்சியோடென்சின் ஒண்ணு வரைக்கும் எழுதினேன். அதுக்கு மேல கை ஓடல. அந்தத் தாளை அப்படியே ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிட்டுத் தூங்கிட்டேன். இன்னிக்கு எழுந்து பார்த்தா, கீழ அப்பாவோட கையெழுத்து. நாலு மணிக்கு எழுதியிருக்கணும்.

"லோசார்ட்டன் 50. என்னோடது. இது இதுல எங்க வரும்மா?"